உம் கொட்ட ஓர் ஆள்

தமிழ்நாட்டில் பேசுவதற்கு ஆளுக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. உம் கொட்டத்தான் ஆள் கிடைப்பதில்லை. இலக்கியக் கூட்டம் என்று போனால் வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை, ஏற்புரை என்று மைக் கைமாறிக்கொண்டே இருக்கிறது. பொன்னாடை போர்த்தி முடிவதற்குள் கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிடுகிறது. அதையும் விட்டுவிட்டு வெளியே டீக்கடையில் நாலு பேர் நின்று பேசுகிறார்களே, நமக்கு வேண்டிய கூட்டம் அதுதான். பேச்சுவாக்கில், அதுவரை நினைத்தே பார்த்திராத ஒன்று நம் வாயிலிருந்து வந்து விழும். அந்தச் சுகம் மேடையில் கிடைக்காது.

நெல்லை வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி. (1882–1954) வீட்டில் கூடிய வட்டத்தொட்டி என்ற இலக்கிய வட்டம் இந்தச் சுகத்துக்குப் பேர் போனது. ஒரு பாட்டை எடுத்தால் அதையே திரும்பத் திரும்பச் சொல்லி, எந்தச் சொல்லில் நின்று எந்தச் சொல்லில் நகர வேண்டும் என்று காட்டுவார். பிற்காலத்தில் ராஜாஜியும் கல்கியும் குற்றாலத்துக்கு அவரைத் தேடிப் போனது அருவிக்காக மட்டுமல்ல. ஆனால் அந்தத் தொட்டிக்கு நடுநாயகம் ஒருவர்தான். கம்பன் பாடல்களில் பலவற்றை இடைச்செருகல் என்று அவர் தள்ளியபோது, முகத்துக்கு நேரே 'இல்லை' என்று சொல்ல அங்கே எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்ற சந்தேகம் நமக்கு உண்டு. ரசிகர்கள் மட்டும் கூடினால் பேச்சு இனிக்கும், நகராது.

நாகர்கோவிலில் எழுத்தாளர் சுந்தர ராமசாமி நடத்திய 'காகங்கள்' கூட்டம் வேறு ரகம். கட்டுரை வாசிப்பு, அதன்மேல் விவாதம். தாம் பழகிய எழுத்தாளர்களைப் பற்றிய அவருடைய 'நினைவோடை' நூல்களைப் படித்தால், க.நா.சு.வும் கிருஷ்ணன் நம்பியும் எழுதியதைவிடப் பேசிய விதமே மனதில் தங்குகிறது.

கேட்பது சும்மா இருப்பதல்ல. வில்லுப்பாட்டில் 'ஆமா' போடுகிறவரைக் கவனியுங்கள். எங்கே ஆமா, எங்கே கேள்வி, எங்கே கிண்டல் என்று அவருக்குத் தெரியும். தப்பான இடத்தில் வாய் திறந்தால் கதை படுத்துவிடும். உரையாடலில் கதை சொல்லும் புலவர் வேலையும் 'ஆமா' போடுகிறவர் வேலையும் நமக்கே மாறி மாறி வருகின்றன. எதிரே இருப்பவர் மூச்சு வாங்கும்போது நாம் பதிலைத் தீட்டிக்கொண்டிருந்தால், அவர் சொன்னதில் பாதி காதில் விழுந்திருக்காது. அவர் கட்சியை, அவரே 'ஆமாம், அதுதான்' என்று ஒப்புக்கொள்கிறபடி முதலில் திருப்பிச் சொல்லிவிட்டுப் பிறகு மறுத்துப் பாருங்கள். மறுப்புக்கு மரியாதை வந்துவிடும். நம்மில் மெத்தப் படித்தவர்களுக்கு இது சுலபத்தில் கைவருவதில்லை. 'எனக்குத் தெரியாது' என்பதும்.

பேச்சு என்ன தரும் என்று கேட்டால் இடைசெவலைப் பாருங்கள், சின்னக் கிராமம். அங்கிருந்து கு. அழகிரிசாமி 1970இலும் கி. ராஜநாராயணன் 1991இலும் சாகித்திய அகாதெமி விருது பெற்றார்கள். இருவரும் சிறுவயதிலிருந்தே பேசித் தீராத நண்பர்கள் என்பதைத் தற்செயல் என்று ஒதுக்க நமக்கு மனமில்லை.

ஆகவே வரும் மாதத்திலிருந்து நம் வாசகர் சந்திப்பில் மைக் இருக்காது, சால்வையும் இருக்காது. பத்துப் பேர் போதும். ஒரே ஒரு சிறுகதை. அதைப் படித்துவிட்டு வர வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. உங்கள் ஊரிலும் இப்படிக் கூடுகிறவர்கள் இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். ஒருநாள் வந்து ஓரமாக உட்கார்ந்துகொள்கிறோம்.