கிரிக்கெட்டுக்கு ரூ.1,700, ஜல்லிக்கட்டுக்கு ஒன்றும் இல்லை!

கீரனூரிலிருந்து ஒரு குடும்பம் சென்னைக்குப் போய்க் கிரிக்கெட் பார்க்க ஆசைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். மொத்தம் நான்கு பேர்.

2025-ம் ஆண்டு சேப்பாக்கம் மைதானத்தில் நடந்த ஐ.பி.எல். ஆட்டங்களுக்கு, இருப்பதிலேயே குறைந்த டிக்கெட் ரூ.1,700. நான்கு பேருக்கு ரூ.6,800.

நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26-ல் நிர்ணயித்த தினக்கூலி ரூ.336. அந்தக் கணக்குப்படி, ஒரு ராத்திரி ஆட்டத்துக்காக ஒருவர் இருபது நாள் மண் சுமக்க வேண்டும்! ரெயில் செலவு வேறு. சாப்பாட்டுச் செலவு வேறு.

ஏன் இவ்வளவு விலை? அந்தப் பணம் யாருக்குப் போகிறது? செலவில்லாமல் பார்க்க வழியே கிடையாதா?

வரிக்கும் வரி

2025 மார்ச் மாதம் சென்னை அணியும் மும்பை அணியும் மோதின. அந்த ஆட்டத்தின் ரூ.4,000 டிக்கெட்டை எடுத்துக்கொள்வோம்.

ஆட்டத்துக்கான அசல் விலை ரூ.2,343.75. அதன் மேல் உள்ளாட்சிக் கேளிக்கை வரி, இரண்டும் சேர்ந்த தொகையில் 25 சதவீதம். அது ரூ.781.25. இரண்டையும் கூட்டினால் ரூ.3,125 ஆகிறது. அந்த மொத்தத்தின் மேல் ஜி.எஸ்.டி. 28 சதவீதம். அது ரூ.875. ஆக மொத்தம் ரூ.4,000.

கவனித்தீர்களா? கேளிக்கை வரியைச் சேர்த்த பிறகு, அந்தத் தொகைக்கு ஜி.எஸ்.டி. போடுகிறார்கள். அதாவது வரிக்கும் ஒரு வரி!

இதே கணக்கை ரூ.1,700 டிக்கெட்டுக்குப் போட்டுப் பார்த்தால், அசல் விலை ரூ.996.09 தான். மீதி ரூ.703.91 வரி.

அதற்குப் பிறகு பாரம் இன்னும் ஏறிவிட்டது. 2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் ஐ.பி.எல். டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். சூதாட்ட விடுதிக்கும் குதிரைப் பந்தயக் கிளப்புக்கும் என்ன வரியோ, அதே வரி. அசல் விலை மாறாமல் இருந்தால், பழைய ரூ.4,000 டிக்கெட் ரூ.4,375 ஆகும்.

இது பணக்காரர் விளையாட்டு, வரி போட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். மாடியில் உட்காருகிறவர் பணக்காரராக இருக்கலாம். கீழ் வரிசையில் நிற்கும் பையனும் அதே 40 சதவீதத்தைத்தான் கொடுக்கிறான்.

ரூ.500-க்குள் வரி இல்லை

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. பலருக்கு இது தெரியாது.

அங்கீகாரம் பெற்ற விளையாட்டுப் போட்டி, இசைக் கச்சேரி, நாடகம், நாட்டியம், சர்க்கஸ் ஆகியவற்றுக்கு, டிக்கெட் ஒன்று ரூ.500-க்கு மேல் போகாவிட்டால் ஜி.எஸ்.டி. அடியோடு கிடையாது. அதற்கு மேல் போனால் 18 சதவீதம். ரூ.500 டிக்கெட்டுக்கு வரி பூஜ்யம். ரூ.501 டிக்கெட்டுக்கு வரி 90 ரூபாய்!

திருச்சியிலும் புதுக்கோட்டையிலும் கச்சேரி வைப்பவர்கள் இதை மனதில் வைத்து விலை போட்டால், அவர்களுக்கும் லாபம், நமக்கும் லாபம். வரி இல்லாத டிக்கெட் போதிய அளவு இருக்கிறதா என்று ரசிகர்கள் கேட்க வேண்டும். கேட்டால்தான் கிடைக்கும்.

ஒரே டிக்கெட், பத்துப் பேர்

2023-ல் சேப்பாக்கத்தில் கவுண்டர் முன்பு ஜனங்கள் விடிய விடிய வரிசையில் நின்றார்கள். கள்ள மார்க்கெட்டில் விற்றவர்களைப் போலீசார் பிடித்தார்கள். 2024 முதல் விற்பனை முழுவதும் இணையத்துக்குப் போய்விட்டது. வரிசை ஒழிந்ததா? இல்லை. வெயிலில் நின்ற வரிசை கைப்பேசிக்குள் போய் நிற்கிறது, அவ்வளவுதான்.

கள்ள மார்க்கெட்டும் கைப்பேசிக்குள் குடியேறிவிட்டது. "என்னிடம் இரண்டு டிக்கெட் இருக்கிறது, பணம் அனுப்புங்கள்" என்று முன்பின் தெரியாதவர் செய்தி அனுப்புவார். பணம் போனதும் கறுப்புக் கட்டங்கள் கொண்ட ஒரு படம் வரும். அதுதான் டிக்கெட். அதே படத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பியிருப்பார்! வாசலில் முதலில் நீட்டுகிறவர் உள்ளே போவார். மற்ற ஒன்பது பேரும் வெளியே நிற்க வேண்டியதுதான். முகம் தெரியாதவரிடம் டிக்கெட் வாங்கவே வாங்காதீர்கள்.

சரியான டிக்கெட் வைத்திருந்தும் ஏமாந்தவர்கள் உண்டு. 2023 செப்டம்பர் 10-ந் தேதி சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏ.ஆர்.ரகுமானின் "மறக்குமா நெஞ்சம்" கச்சேரி நடந்தது. கூட்டம் தாங்கவில்லை. ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து டிக்கெட் வாங்கிய பலர், உள்ளே நுழைய முடியாமல் பிள்ளைகளோடு திரும்பினார்கள். டிக்கெட் நகலை அனுப்பும்படி ரகுமானே கேட்டுக்கொண்டார். பணம் திருப்பிக் கொடுக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. ஆகவே டிக்கெட்டையும் பணம் கட்டிய ரசீதையும் வீட்டுக்கு வந்து சேரும் வரை அழிக்கக் கூடாது.

நம் ஜில்லாவின் கணக்கு வேறு

இப்போது கீரனூருக்கே திரும்பி வருவோம்.

ஒவ்வொரு ஆண்டும் தமிழ்நாட்டின் முதல் ஜல்லிக்கட்டு புதுக்கோட்டை மாவட்டம் தச்சங்குறிச்சியில் நடப்பது வழக்கம். வாடிவாசல்கள் அதிகம் உள்ள மாவட்டமும் இதுதான். 2019 ஜனவரி 20-ந் தேதி விராலிமலையில் ஒரே நாளில் 1,353 காளைகளை அவிழ்த்துவிட்டார்கள். அது உலக சாதனை. சென்னையில் ரூ.1,700 கொடுத்தவர் பார்க்க முடியாத வேகத்தை, இங்கே காசு கொடுக்காமல் பார்க்கலாம்.

ராத்திரி நாடகமும் அப்படித்தான். வள்ளி திருமணம், அரிச்சந்திர மயான காண்டம் என்று விடிய விடிய நடக்கும். பாய் விரித்து உட்கார வேண்டியது. டிக்கெட் கிடையாது.

ஆனால் உண்மையில் அது இலவசம்தானா? இல்லை. ஆர்மோனியக்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் ராஜபார்ட் நடிகருக்கும் யாரோ சம்பளம் கொடுத்தாக வேண்டும். கொடுப்பது ஊர். திருவிழாவுக்கு முன்பு வீட்டுக்கு வீடு தலைக்கட்டு வரி வசூலிப்பார்கள். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பார். இல்லாதவருக்குச் சில ஊரில் தவணையும் உண்டு.

நகரத்தில் பார்க்கிறவன் தன் பங்கை வாசலில் கொடுக்கிறான். இல்லாவிட்டால் வெளியே நிற்கிறான். ஊரில் எல்லோரும் சேர்ந்து முன்பே கொடுத்துவிடுகிறார்கள். அதனால் பக்கத்து ஊர்க்காரனும், பாத்திர வியாபாரியும், வரி கொடுக்காதவனும்கூட முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம். தலைக்கட்டு வரியில் சண்டை சச்சரவு இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ராஜபார்ட் பாடும்போது, யார் எவ்வளவு கொடுத்தார் என்று வாசலில் நின்று யாரும் கேட்பதில்லை.

அரசாங்கம் பணம் கொடுத்தால்

ஊர் செய்வதை அரசாங்கமும் விளையாட்டுச் சங்கமும் செய்தால் என்ன ஆகும்? 2025-ல் பார்த்தோம்.

அந்த ஆண்டு நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை ஜூனியர் ஆக்கி உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. அனுமதி இலவசம். ஜெர்மனி கோப்பையை வென்றது. இந்தியா வெண்கலம் வாங்கியது. கீரனூர்ப் பையன் ஒருவன் பஸ் செலவோடு மதுரைக்குப் போய் உலகக் கோப்பை ஆட்டம் பார்த்துவிட்டு வந்திருக்கலாம்!

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. இலவச டிக்கெட்டையும் இணையத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். இப்படிப்பட்ட வேலைக்குப் படிக்கும் பிள்ளையின் உதவியைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

கிரிக்கெட்டிலும் இலவசம் உண்டு. ரஞ்சிக் கோப்பை ஆட்டங்களைப் பெரும்பாலும் காசில்லாமல் பார்க்கலாம். 2025 ஜனவரி 30-ந் தேதி டெல்லியில் விராட் கோலி ரஞ்சி ஆட்டத்தில் இறங்கினார். இலவசம் என்பதால் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள்.

பாட்டுப் பிரியர்களுக்கு மார்கழி மாதம். சென்னை சபாக்களில் சாயங்காலக் கச்சேரிக்குத்தான் பெரிய விலை. காலையும் மத்தியானமும் இளம் வித்வான்கள் பாடும் கச்சேரிகளுக்குப் பல சபாக்களில் டிக்கெட் இல்லை. நாளை ரூ.1,000 கொடுத்துக் கேட்கப்போகும் பாடகரை இன்று சும்மா கேட்கலாம்! பொங்கல் சமயம் நடக்கும் சென்னை சங்கமத்தில் பறையும் கரகமும் ஒயிலும் இலவசம். 2007-ல் தொடங்கிய விழா அது. இடையில் நின்று, 2023-ல் மறுபடி உயிர் பெற்றது.

லண்டன் நகரில் இன்னொரு முறை இருக்கிறது. அங்கே 1895-ல் "பிராம்ஸ்" என்ற இசை விழாவைத் தொடங்கினார்கள். இன்றும் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடக்கிறது. மேடைக்கு எதிரே நாற்காலி போடுவதில்லை. அங்கே நின்றுகொண்டு கேட்கலாம். 2025-ல் அதற்கு 8 பவுண்டுதான். கச்சேரி நடக்கும் அன்றே அந்தச் சீட்டைக் கொடுக்கிறார்கள். மேடைக்கு மிக அருகில் இருக்கும் இடம், மிக மலிவான இடம்! நம் சபாக்களில் எதிர்மாறாக இருக்கிறது.

இலவசக் கூட்டத்தில் கவனம்

2024 அக்டோபர் 6-ந் தேதி மெரினாவில் விமான சாகசம் நடந்தது. கட்டணம் இல்லை. லட்சக்கணக்கான ஜனங்கள் கூடினார்கள். வெயிலிலும் நெரிசலிலும் 5 பேர் உயிரிழந்தார்கள். 2025 ஜூன் 4-ந் தேதி பெங்களூர் சின்னசாமி மைதானத்தில் கிரிக்கெட் வெற்றி விழா. இலவசம் என்ற செய்தி பரவியது. வாசல் நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். 2019 விராலிமலை சாதனை நாளிலும் வேடிக்கை பார்த்த இருவர் மாடு முட்டி மாண்டார்கள்.

டிக்கெட் விற்கும்போது எத்தனை பேர் வருவார்கள் என்று கணக்குத் தெரியும். இலவசம் என்றால் தெரியாது. ஆகவே தண்ணீர், நிழல், வெளியேறும் வழி ஆகியவற்றுக்கு அதிக ஏற்பாடு வேண்டும். அதைச் செய்யாமல் ஜனங்களை மட்டும் அழைப்பது பெரிய தவறு.

குடும்பத்தோடு போகிறவர்கள் குழந்தையின் சட்டைப் பையில் பெயரும் போன் நம்பரும் எழுதிய சீட்டை வையுங்கள். வீட்டிலிருந்தே தண்ணீர் கொண்டு போங்கள். கூட்டம் முடியும் வரை காத்திராமல் கால் மணி நேரம் முன்பே கிளம்புங்கள்.

குழந்தைகளோடு முதன்முதலாகப் போக விரும்புகிறவர்களுக்குத் திருவையாறு நல்ல இடம். பெரும்பாலும் ஜனவரியில் தியாகராஜர் ஆராதனை நடக்கும். பெரிய பெரிய வித்வான்கள் காவிரிக் கரையில் ஒன்றாக உட்கார்ந்து பஞ்சரத்னக் கீர்த்தனைகளைப் பாடுவார்கள். ஒரு பைசா கிடையாது. கீரனூரிலிருந்து திருச்சி, அங்கிருந்து தஞ்சாவூர், பிறகு திருவையாறு. பஞ்சரத்னம் காலையில் தொடங்கும். ஆகவே முதல் பஸ்சைப் பிடிக்க வேண்டும்.