ஜாடியில் பாரம்பரியம், பானையில் குற்றம்

டிசம்பர் 31 ராத்திரி எங்க திருத்தணியில் 365 படிக்கும் பூசை நடக்கும். ஆங்கிலப் புத்தாண்டில் வெள்ளைக்காரத் துரையைப் பார்க்கப் போனவர்களை முருகன் பக்கம் திருப்ப வள்ளிமலை சுவாமிகள் தொடங்கியது என்பார்கள். துரை போய்விட்டான். துரை வீட்டு ஜாடி போகவில்லை. இப்போது அதற்குப் பஞ்சாபிப் பாரம்பரியம் என்று பேராம்.

750 மில்லி விஸ்கி. வெல்லப்பாகு, எலுமிச்சைச் சாறு, இடித்த ஏலக்காய், சோம்பு, ஆரஞ்சுத் தோல். பனிக்கட்டி உருகினால் இறங்குகிற தண்ணீரையும் முன்கூட்டியே கணக்குப் பண்ணி ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் பத்துப் பேருக்கு ஆகும். (டாஸ்மாக் சரக்கில் தண்ணி கலந்தால் மோசடி, இதில் கலந்தால் கைப்பக்குவம்.)

யாருடைய பாரம்பரியம்? பாட்டியாலா பேரில் ஒரு பெக் இருக்கிறது. சுண்டுவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட உயரம் ஊற்றுவது. அதே பஞ்சாபில் கிராமத்துச் சரக்குக்குப் பெயர் 'ரூடி மார்க்கா'. ரூடி என்றால் எருக்குப்பை. வெல்லம் கரைத்த ஊறலை அதன் சூட்டில் புதைத்து வைப்பதால் வந்த பேர். அந்தச் சாணியை ஜாட் நிலக்காரன் தொழுவத்திலிருந்து அள்ளிச் சுமப்பவள் தலித் பெண். 2011 கணக்கெடுப்பில் பஞ்சாபில் நூற்றுக்கு 32 பேர் தலித்துகள். அவள் தலைச்சுமை எந்தச் செய்முறைக் குறிப்பிலும் இல்லை. 2020இல் தரன் தாரன், அமிர்தசரஸ், குர்தாஸ்பூர் பகுதிகளில் விஷச்சாராயம் குடித்து நூறு பேருக்கு மேல் செத்தார்களே, அவர்கள் பஞ்சாபிகள் இல்லையா?

இங்கேயும் அதே வெல்லம்தான். வேலம்பட்டையும் கடுக்காயும் சேர்ந்தால் ஊறல். பானை உடையும், கேஸ் விழும். 1937ஆம் வருசத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருக்கிறது. 2003இலிருந்து அரசே கடை வைத்து விற்கிறது. ஒரே சட்டம், கல்லாப்பெட்டி அங்கே, கம்பி இங்கே.

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூனில் 60 பேருக்கு மேல் செத்தார்கள். பெரும்பாலும் தலித்துகள். அவர்களைக் கொன்றது மெத்தனால். அது ஆலைச் சரக்கு, எந்தச் சேரிப் பானையிலும் ஊறுவதில்லை. அரசு 10 லட்சம் அறிவித்ததும் "குடிச்சுச் செத்தவனுக்குப் பத்து லட்சமா?" என்று கேட்ட வாய்தானே ஜாடி முன்னால் 'சியர்ஸ்' சொல்கிறது?

குடியைத் தூக்கிப் பிடிக்க நான் வரவில்லை. 1956இல் நாகபுரியில் அண்ணல் ஏற்கச் செய்த 22 உறுதிமொழிகளில் மது அருந்தேன் என்பதும் ஒன்று. அது நாமே நமக்கு எடுத்துக்கொண்டது, லத்தி கொடுத்ததல்ல. சேரியில் குடியை ஒழிக்கிற பேச்சை நாங்க பேசிக்கிறோம். ஜாடிக்காரங்க அதுல வாய வைக்க வேணாம்.