கடையின் உறுதி யாருடைய பெயரில்?

யாழ்ப்பாணத்தில் ஒரு காணி விலைக்கு வருகிறது என்றால், வாங்க நினைப்பவர் விலை பேசுவதற்கு முன்பே உறுதியைக் கேட்பார். தோம்பில் யாருடைய பெயர் இருந்தது, பின்னர் எவரெவர் கைக்கு மாறியது, ஈடு ஏதும் இருக்கிறதா, வழக்கு ஏதும் இருக்கிறதா என்று நொத்தாரிசைக் கொண்டு தேடுதல் செய்விக்காமல் ஒரு சதமும் கைமாறாது. அப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்த என் நண்பர் ஒருவர், பதின்மூன்று ஆண்டுகள் தாம் நடத்திவந்த கடை சட்டப்படி யாருடைய பெயரில் இருக்கிறது என்பதை அறியாமலே இருந்தார். அது இணையத்தில் நடக்கும் கடை.

நண்பர் முன்னொரு காலத்தில் என்னுடன் பத்திரிகையில் ஒப்புநோக்காளராக இருந்தவர். ஒரு மெய்யெழுத்தின் புள்ளி தவறினாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. ரொறன்ரோவுக்குப் போய், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர், மனைவியுடன் சேர்ந்து சிறிய இணையக் கடையொன்றை நடத்தி வருகிறார். ஒடியல் மா, பனங்கட்டி, வறுத்த மிளகாய்த்தூள், ஊர்ப் புத்தகங்கள் என்பன விற்பனைக்கு. கனடாவில் மட்டுமன்றி ஜெர்மனி, நோர்வே போன்ற நாடுகளிலிருந்தும் ஆட்கள் கேட்டு எழுதுவார்கள். பெரிய இலாபம் இல்லாவிட்டாலும் இருவரது மருந்துச் செலவுக்கும் வீட்டு வரிக்கும் அது போதுமாக இருந்தது.

கடையின் டொமைனை, அதாவது ஆள்களப் பெயரைப் பதிவு செய்து வைத்திருந்த நிறுவனம் ஆண்டுதோறும் கட்டணத்தைக் கூட்டியது. மலிவான வேறொரு பதிவாளரிடம் மாற்றிக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னார்கள். மார்கழிக் கடைசியில் மாற்றத்துக்கு விண்ணப்பித்தார். எந்தச் சிக்கலும் இன்றி அது நிறைவேறியது. தைப்பொங்கலுக்கு ஆறு நாள் இருக்கையில் கடை இணையத்திலிருந்து மறைந்து போயிற்று. மின்னஞ்சலும் நின்றது.

என்ன நடந்தது என்பதை விளங்கிக்கொள்ள எனக்குச் சில நாட்கள் பிடித்தன. ஓர் ஆள்களப் பெயரைச் சுற்றி மூவர் இருக்கிறார்கள். பெயருக்கு உரியவர் ஒருவர். அவரிடம் பணம் வாங்கிப் பதிவைச் செய்து கொடுக்கும் பதிவாளர் இன்னொருவர். டொட் கொம் போன்ற ஒரு வகைப் பெயர்கள் அனைத்துக்கும் மூலப் பேரேட்டை வைத்திருக்கும் பதிவகம் மூன்றாவது. டொட் கொம் பேரேட்டை வைத்திருப்பது வெரிசைன் நிறுவனம். பதிவாளரை மாற்றும்போது மாறுவது இந்தப் பதிவு மட்டுமே.

ஆனால் வேறொரு சங்கதியும் உண்டு. இந்தப் பெயரைத் தேடி வருபவரை எந்தக் கணினிக்கு அனுப்ப வேண்டும், இந்தப் பெயருக்கு வரும் அஞ்சலை எங்கே கொடுக்க வேண்டும் என்று எழுதிவைத்த விலாசக் குறிப்பேடு அது. டி.என்.எஸ். என்று சொல்வார்கள். பதிவாளர் மாறினாலும் இந்தக் குறிப்பேடு தானாக இடம்பெயராது. நண்பரின் குறிப்பேட்டைப் பழைய பதிவாளர் இலவசமாக வைத்திருந்தார். வாடிக்கையாளர் போய்விட்டார் என்றதும் இரண்டொரு நாளில் அதை மூடிவிட்டார். உலகமெங்கும் உள்ள கணினிகள் பழைய விலாசத்தைச் சில மணி நேரம் நினைவில் வைத்திருந்தன. அந்த நினைவு தீர்ந்ததும் கடை மறைந்தது.

கடையின் முகப்பை இரண்டாம் நாளே மீட்டுவிட்டார்கள். மின்னஞ்சலை மீட்க ஆறு நாள் ஆயிற்று. பழைய குறிப்பேட்டில் என்னென்ன வரிகள் இருந்தன என்று எவரும் பிரதி எடுத்து வைக்கவில்லை. அஞ்சல் மீண்ட பிறகும், கடையிலிருந்து போன கடிதங்கள் வாடிக்கையாளர்களின் குப்பைப் பெட்டிக்குள் விழுந்தன. இந்தக் கடிதம் உண்மையாகவே இந்தக் கடையிலிருந்துதான் வருகிறது என்பதற்குச் சான்று கூறும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். என்ற வரிகள் விடுபட்டுப் போனதே காரணம். பொங்கல் வியாபாரத்தில் பாதி அவ்வாறு கரைந்தது.

இதனிலும் பெரிய அதிர்ச்சி அடுத்து வந்தது. பதிவு புதிய இடத்துக்கு வந்ததும், பெயருக்கு உரியவரின் மின்னஞ்சல் விலாசத்தை உறுதிப்படுத்துமாறு புதிய பதிவாளர் ஒரு கடிதம் அனுப்புவது வழக்கம். 15 நாட்களுக்குள் அதற்குப் பதிலளிக்காவிட்டால் பெயரை இடைநிறுத்தலாம் என்பது விதி. அந்தக் கடிதம் நண்பருக்கு வரவில்லை. முதன்முதலில் இந்தக் கடையை அமைத்துக் கொடுத்த மாணவன் ஒருவனின் பழைய பல்கலைக்கழக விலாசத்துக்குப் போயிருந்தது. பதின்மூன்று ஆண்டுகளாக உரியவர் என்ற இடத்தில் இருந்தது அவனுடைய பெயர்தான். கணக்கின் கடவுச்சொல் நண்பரிடம் இருந்ததனால், பெயரும் தம்முடையதே என்று அவர் எண்ணியிருந்தார். வாசற் சாவியை வைத்திருப்பதும் உறுதியை வைத்திருப்பதும் ஒன்றல்ல என்பது காணி விடயத்தில் நம் எல்லோருக்கும் தெரியும்.

பையன் நல்லவன். இப்போது கல்கரியில் வேலை செய்கிறான். தொலைபேசியில் பேசியதும் "ஐயா, நான் மறந்தே போனேன்" என்று வருந்தி அன்றிரவே எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தான். அவன் நல்லவனாக இல்லாதிருந்தால்? அல்லது அவன் உயிரோடு இல்லாதிருந்தால்? இந்தக் கேள்விகளே என்னை எழுதத் தூண்டின. புலம்பெயர்ந்த நாடுகளிலும் இங்கும் நம்மவர் நடத்தும் சிறு கடைகள், பதிப்பகங்கள், கோயில்கள், பழைய மாணவர் சங்கங்கள் பலவற்றின் பெயர்கள் எவனோ ஒரு "கொம்பியூட்டர் தெரிந்த பையனின்" பெயரில்தான் இருக்கின்றன என்பது என் கணிப்பு. முன்பு பொதுப் பதிவைத் திறந்து பார்த்தாலே உரியவர் யார் என்று தெரியும். 2018 மே மாதத்தில் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் அந்த விபரங்கள் பெரும்பாலும் மறைக்கப்படுகின்றன. இதனால் தனிமனிதருக்கு நன்மையே. ஆயினும் தன் கடை தன் பெயரில் இல்லை என்பதைத் தற்செயலாகக் கண்டுபிடிக்கும் வாய்ப்பும் அதனால் போயிற்று.

இதைப் படித்துவிட்டு, பதிவாளரை மாற்றவே வேண்டாம் என்ற முடிவுக்கு எவரும் வந்துவிடக் கூடாது. மாற்றிக்கொள்ளும் உரிமை எளிதில் கிடைத்ததன்று. 1990களில் டொட் கொம் பெயர்களைப் பதிவு செய்யும் அதிகாரம் நெட்வேர்க் சொலூஷன்ஸ் என்ற ஒரே நிறுவனத்திடம் இருந்தது. 1995 செப்டெம்பரில் இரண்டு ஆண்டுகளுக்கு 100 டொலர் என்று அது கட்டணம் வைத்தபோது வேறு கதவைத் தட்ட வழியிருக்கவில்லை. 1998இல் ஐகான் அமைப்பு உருவாகி, 1999இல் மற்றப் பதிவாளர்களுக்கும் இடம் கிடைத்த பின்னரே போட்டி வந்தது, விலை இறங்கியது. அந்த உரிமையைப் பயன்படுத்தத்தான் வேண்டும்.

மேலும், நாம் மாறாவிட்டாலும் நம்மை மாற்றிவிடுவார்கள். 2023 ஜூனில் கூகிள் நிறுவனம் தனது டொமைன் வியாபாரத்தை ஸ்குவெயர்ஸ்பேஸ் நிறுவனத்துக்கு விற்பதாக அறிவித்தது. ஏறத்தாழ ஒரு கோடிப் பெயர்கள் ஒரே விற்பனையில் கைமாறின. அவற்றுள் எத்தனையோ சிறு கடைகள் இருந்திருக்கும். 2024 ஜூலையில், அவ்வாறு இடம்மாறிய பெயர்களில் மறையீட்டு நாணயத் துறையைச் சேர்ந்த சிலவற்றைத் திருடர்கள் கைப்பற்றினார்கள். கூகிள் கணக்கில் இருந்த இரட்டைச் சரிபார்ப்புப் பாதுகாப்பு புதிய இடத்துக்குக் கூடவே வரவில்லை என்பதைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். வீடு மாறிப் போகிறவன் பூட்டும் தன்னோடு வந்துவிட்டது என்று நம்பியிருந்த கதைதான். பதிவாளரே நொடித்துப் போவதும் உண்டு. 2007இல் ரெஜிஸ்டர்ஃபிளை என்ற நிறுவனத்தின் அங்கீகாரத்தை ஐகான் இரத்துச் செய்தபோது எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களை வேறு நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டி வந்தது.

எனவே மாற்றத்துக்கு முன்னும் பின்னும் கடைக்காரர் தாமே செய்ய வேண்டியவை சில உண்டு என்பது என் கருத்து. கணினி அறிவு மிகுதியாகத் தேவையில்லை. காணி வாங்கும்போது காட்டும் அக்கறை போதும். முதலில், உரியவர் என்ற இடத்தில் யாருடைய பெயரும் மின்னஞ்சலும் இருக்கின்றன என்று கணக்கினுள் நுழைந்து பார்க்க வேண்டும். அந்த மின்னஞ்சல் கடையின் சொந்தப் பெயரிலேயே அமைந்திருக்கக் கூடாது. பெயர் விழுந்தால் அஞ்சலும் விழும். மீட்புக்கான கடிதமும் வந்து சேராது. பூட்டிய வீட்டுக்குள்ளே சாவியை வைத்த கதையாகிவிடும்.

அடுத்து, விலாசக் குறிப்பேட்டின் ஒவ்வொரு வரியையும் பிரதி எடுத்துத் தாளில் அச்சிட்டு வைக்க வேண்டும். அதே வரிகளைப் புதிய இடத்தில் எழுதி, அங்கிருந்து கடையும் அஞ்சலும் ஒழுங்காக இயங்குவதைக் கண்ட பிறகே பதிவை மாற்ற வேண்டும். டி.என்.எஸ்.செக் என்ற முத்திரைப் பாதுகாப்பு இருந்தால், மாற்றத்துக்கு முன்னர் அதை முறைப்படி நீக்கிப் பின்னர் புதிதாக இட வேண்டும். பழைய முத்திரையும் புதிய குறிப்பேடும் ஒவ்வாது போனால் பெயர் பலருக்குத் தென்படாது. மாற்றக் குறியீட்டை எவரிடமும் வாய்வழியாகக் கூடக் கொடுக்கக் கூடாது. பழைய பதிவாளர் அதைத் தர இழுத்தடித்தால், ஐந்து நாட்களுக்குள் தர வேண்டும் என்பதே ஐகான் விதி என்று எடுத்துக் கூறலாம். பண்டிகைக் காலத்தில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

மாற்றிய பின்னர் பூட்டு விழுந்திருக்கிறதா, இரட்டைச் சரிபார்ப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காலாவதித் திகதியையும் பார்க்க வேண்டும். டொட் கொம் போன்ற பெயர்களுக்கு மாற்றத்தோடு ஓர் ஆண்டு கூடுவது வழக்கம். பழைய இடத்தில் தானாகக் கழிந்துகொண்டிருந்த வங்கி அட்டை புதிய இடத்தில் இருக்காது. நினைவூட்டல் கடிதம் வரும் விலாசமும் மாறியிருக்கும். 1999 டிசெம்பரில் மைக்ரோசொஃப்ட் போன்ற ஒரு நிறுவனமே தன் பாஸ்போர்ட் டொட் கொம் பெயரைப் புதுப்பிக்கத் தவறியது. ஹொட்மெயில் பயனர்கள் பலர் உள்ளே நுழைய முடியாமல் தவித்தார்கள். நத்தார் வேளையில் வெளியாள் ஒருவர் தமது கைக்காசு 35 டொலரைக் கட்டி அதை மீட்டுக் கொடுத்தார். நமக்கு அப்படியொருவர் வந்து வாய்ப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

இவ்வளவு தொல்லை எதற்கு, முகநூலிலோ பெரிய சந்தைத் தளங்களிலோ விற்றுவிட்டுப் போகலாமே என்று சிலர் கேட்கிறார்கள். நண்பரின் மகளும் அதையே கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் அங்கே வாடிக்கையாளர் அந்தத் தளத்துக்குச் சொந்தம்; விதியை அவர்கள் ஒரே இரவில் மாற்றினால் முறையிட இடமில்லை. ஆள்களப் பெயரும் முழுச் சொத்தன்று என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஒரு தடவையில் பத்து ஆண்டுகளுக்கு மேல் அதைப் பதிவு செய்ய முடியாது. உறுதி என்று தொடக்கத்தில் எழுதினேன். குத்தகை உறுதி என்பதே சரி. ஆயினும் கட்டணத்தைக் கட்டிப் பேணும்வரை அந்தப் பெயரோடு எந்தப் பதிவாளரிடமும் எந்த வழங்கிக்கும் போகலாம். வாடிக்கையாளர் நம்மைத் தேடிவரும் வழி மாறாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எவ்வளவு கவனமாக இருந்தாலும் நம் கைக்கு அப்பாற்பட்டவையும் உண்டு. 2021 பெப்ரவரி 6ஆம் திகதி டொட் எல்.கே. பெயர்கள் சில, கூகிளின் இலங்கைப் பெயர் உட்பட, வேறொரு பக்கத்துக்குத் திருப்பிவிடப்பட்டன. பெரிய நிறுவனங்களுக்கே அது நேர்ந்தது. நம் கையில் உள்ளதையாவது நாம் ஒழுங்காக வைத்திருக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நண்பரின் கடை மறுபடி நடக்கிறது. சித்திரைப் புத்தாண்டுக்குப் பனங்கட்டிக்கு நல்ல கேள்வி இருந்ததாகச் சொன்னார். கடையின் பெயர் இப்போது அவருடைய பெயரிலும் மகளின் மின்னஞ்சலிலும் இருக்கிறது. குறிப்பேட்டின் பிரதியை அச்சிட்டு, ஊர்க் காணி உறுதிகள் வைத்திருக்கும் அதே தகரப் பெட்டிக்குள் வைத்திருக்கிறாராம். வைக்குமுன் ஒவ்வொரு புள்ளியையும் ஒப்புநோக்கினாரா என்று கேட்டேன். இரண்டு தடவை என்றார்.