பட்டாளத்தார் வீட்டுக்கு யார் போவது?

கொஞ்சம் நீளமான பதிவு. முழுவதும் படித்துவிட்டு, அப்புறம் திட்டுவதானால் திட்டுங்கள்.

இரண்டு வாரத்துக்கு முன், கல்லிடைக்குறிச்சி ரயில் நிலையம் பக்கம் டீ குடிக்கப் போனபோது நாலைந்து பேர் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். விஷயம் இதுதான். நம் ஊரில் ஒரு வயதான தம்பதி குடிவந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவர் ராணுவத்தில் கிளார்க் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த அம்மா நர்ஸாக இருந்தவர். இருவரும் கிறிஸ்தவர்கள். டிவிஎஸ் எக்ஸெல்லில் வெள்ளாங்குளி, பொட்டல், மணிமுத்தாறு ரோடு என்று போய், பட்டாளத்தில் இருப்பவர்களின் வீடுகளாகப் பார்த்து ஏறி இறங்குகிறார்கள்.

"ஆம்பளை இல்லாத வீடாப் பாத்து மதம் மாத்தப் போறாங்க அண்ணாச்சி. கலெக்டருக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க. நீங்க எழுதினா மதிப்பா இருக்கும்" என்றார்கள்.

நான் குலசேகரமுடையார் கோயிலில் பிரதோஷம் தவறாதவன். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் என்னிடம் கேட்டார்கள். ஆனால் முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்கு, படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே என்று சொன்னவன் நான். விசாரித்துவிட்டு எழுதுகிறேன் என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

அவர்கள் போகும் வீடுகளில் ஒன்று என் பழைய மாணவன் வீடு. எட்டாம் வகுப்பிலிருந்து என்னிடம் படித்தவன். ஆள் எடுப்புக்குப் போகும்போது நன்னடத்தைச் சான்றிதழுக்கு நடையாய் நடந்து வாங்கிக் கொடுத்ததும் நான்தான். அவன் தேர்வானபோது வகுப்பறையில் கை தட்டச் சொன்னேன். அதன் பிறகு பன்னிரண்டு வருஷத்தில் அவன் வீட்டுக்கு ஒரு தடவைகூட நான் போகவில்லை. மனுவுக்காக விசாரிக்கத்தான் முதல் முறையாகப் போனேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவனுடைய அப்பாவும் பட்டாளத்தார். மூன்று வருஷத்துக்கு முன் இறந்துவிட்டார். அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வர வேண்டும். பட்டாளத்துக் காகிதத்தில் ஒரு பெயர், ஆதாரில் வேறு எழுத்தில் ஒரு பெயர். அந்த ஒரு எழுத்துக்காகப் பணம் நின்றுவிட்டது. மகன் எல்லையில் இருக்கிறான். மருமகளுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். யார் அலைவது? அந்த ஓய்வுபெற்ற கிளார்க்தான் நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கி, மனு எழுதி, திருநெல்வேலியில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அந்த அம்மாவை மூன்று தடவை பஸ்ஸில் கூட்டிப் போயிருக்கிறார். பணம் வந்துவிட்டது.

மருமகள் காபி கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "அது பெரிய உதவிதான் சார். ஆனா எனக்கு நர்ஸம்மா வர்றதுதான் ஆறுதல். அவுககிட்ட போன்ல நான் எதையும் சொல்ல முடியாது. துப்பாக்கியப் பிடிச்சிட்டு நிக்கிறவுகள்ட்ட பிள்ளைக்குக் காய்ச்சல்னு சொல்லலாமா? நர்ஸம்மாகிட்ட சொன்னா கேட்டுக்கிடுவாக. யாருட்டயும் போய்ச் சொல்ல மாட்டாக."

நான் நேராகவே கேட்டேன். ஜெபம் பண்ணினார்களா, புத்தகம் கொடுத்தார்களா என்று. "ஒரு நாள் ஜெபம் பண்ணட்டுமான்னு கேட்டாக. அத்தை வேண்டாம்னுட்டாக. பிறகு கேக்கல. ஒரு சின்னப் புஸ்தகம் வச்சிட்டுப் போனாக. அத்தை திருப்பிக் குடுத்துட்டாக. வாங்கிக்கிட்டாக" என்றாள்.

வீட்டுக்கு வந்து பழைய புத்தகங்களை எடுத்தேன். நம் ஜில்லாவில் இந்தக் கதை புதிதில்லை என்று தெரியும், எங்கே ஆரம்பித்தது என்று பார்க்க நினைத்தேன்.

கால்டுவெல் 1881இல் திருநெல்வேலி மிஷனின் ஆரம்ப வரலாற்றை ஒரு புத்தகமாக எழுதினார். அதில் ஸ்வார்ட்ஸ் ஐயரின் 1771ஆம் வருஷக் குறிப்பு ஒன்று வருகிறது. பாளையங்கோட்டைக் கோட்டையில் சவரிமுத்து என்பவர் வேதம் வாசித்துக் காட்டுகிறார், ஓர் ஆங்கிலேய சார்ஜெண்ட் அவருக்குத் துணையாக இருக்கிறார், அந்த சார்ஜெண்டின் மனைவி திருச்சி சபையைச் சேர்ந்தவள் என்கிறது அந்தக் குறிப்பு. திருநெல்வேலிப் புராட்டஸ்டண்ட் வரலாறு என்று பெரிதாகப் பேசுகிறோமே, அதன் முதல் வரியில் இருப்பது ஒரு பட்டாளத்துக் குடும்பம். அந்தப் பெண்ணின் பெயர்கூடக் குறிப்பில் இல்லை.

ஸ்வார்ட்ஸே பட்டாளத்தோடு வாழ்ந்தவர்தான். திருச்சிக் கோட்டையில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்தபோது அனாதையான பிள்ளைகளுக்கு இடமும் பள்ளியும் ஏற்படுத்தியவர். பிறகு அங்கே இருந்த படைக்குக் குருவாகவும் வேலை பார்த்தார்.

அடுத்து குளோரிந்தா. தஞ்சாவூர்ப் பக்கத்து மராட்டிய பிராமண விதவை. லிட்டில்டன் என்ற கம்பெனி அதிகாரியோடு பாளையங்கோட்டைக்கு வந்தவள். ஞானஸ்நானம் கேட்டபோது, மணம் செய்யாமல் அவரோடு வாழ்வதால் ஸ்வார்ட்ஸ் மறுத்துவிட்டார். லிட்டில்டன் இறந்த பிறகு 1778இல்தான் கொடுத்தார். 1780இல் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் இருந்தவர்கள் 40 பேர். அந்தச் சபைக்குக் கோயில் கட்டப் பணம் கொடுத்து, 1785இல் கட்டி முடித்தவள் அவள்தான். இன்றும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றால் பாளையங்கோட்டையில் வழி சொல்வார்கள். அதிகாரி இறந்த பிறகு ஆதரவில்லாமல் நின்றவள், மற்றவர்கள் கூடுவதற்கு இடம் கட்டினாள்.

1816இல் ஜேம்ஸ் ஹஃப் வருகிறார். கம்பெனி அவருக்குச் சம்பளம் கொடுத்தது பாளையங்கோட்டைப் பட்டாளத்துக்குக் குருவாக இருப்பதற்கு. அவர் கோட்டைக்கு வெளியேயும் போய்ப் பார்த்தார். பல வருஷமாக மிஷனரி யாரும் இல்லாமல் கிடந்த கிராமத்துச் சபைகளைக் கண்டார், பள்ளிகளைத் தொடங்கினார், ஆள் வேண்டும் என்று எழுதினார். அப்படி 1820இல் வந்தவர்தான் இரேனியஸ். உடம்பு சரியில்லாமல் 1821இல் ஹஃப் கிளம்பிவிட்டார். நம் ஜில்லாவில் இத்தனை பள்ளிகள் வந்ததற்குப் பின்னால் பட்டாளத்துக்கு நியமிக்கப்பட்ட ஒரு குருவும் இருக்கிறார். அந்தப் பள்ளி வரிசையில் படித்தவர்களிடம் படித்தவன் நான். எனக்கு அதில் கடன் உண்டு.

இதில் எல்லாமே இனிப்பு இல்லை. அந்தப் பட்டாளம் கம்பெனிப் பட்டாளம். ஊமைத்துரையைச் சிறை வைத்ததும், 1801இல் அவர் தப்பிப் போனதும் அதே பாளையங்கோட்டையில்தான். மதத்தைப் பரப்புவதுதான் தங்கள் நோக்கம் என்று அந்த மிஷனரிகள் ஒளித்ததும் இல்லை. இரண்டையும் சேர்த்தேதான் நான் படிக்கிறேன்.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன்.

அன்றைக்குப் பட்டாளத்துக் குடும்பம் கோட்டைக்குள்ளேயும் அதை ஒட்டியும் இருந்தது. போய்ப் பார்ப்பது சுலபம். இன்றைக்கு சிப்பாய் ஓரிடம், குடும்பம் ஓரிடம். குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாத இடத்தில் பணி என்றால், மனைவி மாமியார் வீட்டிலோ தாய் வீட்டிலோதான். நம் ராணுவத்தில் மத ஆசிரியர் என்றே பதவி உண்டு. பண்டிட், கிரந்தி, மௌலவி, பாதிரியார் எல்லோரும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் இருப்பது படைப்பிரிவோடு. 1966இல் தொடங்கிய ராணுவ மனைவியர் நலச் சங்கமும் பெரும்பாலும் முகாம்களைச் சுற்றித்தான். டிசம்பர் 7 கொடிநாளுக்கு நாமும் உண்டியலில் பணம் போடுகிறோம். பொட்டலில் தனியாகக் கிடக்கிற ஒரு வீட்டின் திண்ணைக்கு யார் போகிறார்கள்?

அங்கே போகத் தகுந்தவர்கள் வயதான தம்பதிகள்தான் என்பது என் அபிப்பிராயம். ஆண் மட்டும் போனால் தெரு பேசும், அந்தப் பெண்ணுக்குத்தான் கெட்ட பெயர். தம்பதியாகப் போனால் ஒருவர் திண்ணையில் காகிதம் பார்க்கலாம், இன்னொருவர் அடுப்படியில் உட்கார்ந்து கேட்கலாம். கால்டுவெல் பெயரை எல்லோரும் சொல்கிறோம். அவர் மனைவி எலிசா நாகர்கோவில் மிஷனரியின் மகள், சின்ன வயதிலிருந்தே தமிழ் பேசியவர். இடையன்குடியில் பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தியது அவர்தான். பெண்கள் இருந்த உள்வீட்டுக்கு அவரால்தான் போக முடிந்தது. அமெரிக்காவில் மார்மன் சபை என்று பொதுவாகச் சொல்கிற சபை, ஓய்வுபெற்ற தம்பதிகளை இதற்கென்றே படைமுகாம்களுக்குப் பக்கத்தில் அனுப்புகிறது. அவர்கள் தங்கள் செலவில் போகிறார்கள். நம்மிடம் பென்ஷன் வாங்கும் தம்பதிகள் எத்தனை பேர்! நேரமும் இருக்கிறது. நாம் டிவி சீரியல் பார்க்கிறோம்.

ஆனால் ஒரு நிபந்தனையும் எனக்கு உண்டு. அதை அந்த ஓய்வுபெற்ற கிளார்க் வீட்டுக்கே போய்ச் சொன்னேன்.

"ஐயா, நீங்க மிஷனரியா?" என்று கேட்டேன். "ஆமா சார். அதை மறைக்க மாட்டேன்" என்றார்.

"நீங்க செஞ்ச உதவி பெருசு. அதனாலதான் சொல்றேன். பென்ஷன் வாங்கிக் கொடுத்த கையே ஜெபம் பண்ணட்டுமான்னு கேட்டா, அந்த வீட்டுக்காரங்களால வேண்டாம்னு சொல்றது கஷ்டம். அந்த அம்மா தைரியசாலி, சொல்லிட்டாங்க. எல்லாரும் சொல்ல மாட்டாங்க. அவங்களாக் கேட்டா பண்ணுங்க. நீங்களாக் கேக்காதீங்க."

அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அந்த அம்மாதான் சொன்னார்: "சார் சொல்றதுல ஞாயம் இருக்கு. ஆனா ஜெபம் இல்லாம எங்களால அந்த வீட்டுப் படி ஏற முடியாது. நாங்க கிளம்பும்போதே எங்க வீட்ல பண்ணிட்டுப் போயிருதோம்." எனக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. இதே நிபந்தனை திருநீறு கொடுக்கப் போகிறவனுக்கும் உண்டு, தாயத்து கொடுக்கப் போகிறவனுக்கும் உண்டு, கட்சித் துண்டு போட்டுப் போகிறவனுக்கும் உண்டு. கஷ்டத்தில் இருக்கிற வீட்டில் போய் எதையும் விற்கக் கூடாது.

மனு நான் எழுதவில்லை. டீக்கடை நண்பர்களிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன். ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்து போனார். "அப்போ நம்ம ஆளுக யாரும் போகலியே அண்ணாச்சி" என்றார் இன்னொருவர். அந்தக் கேள்விதான் என்னை இந்தப் பதிவை எழுத வைத்தது. அவர்கள் போவது குற்றம் என்றால், இத்தனை வருஷம் நான் போகாமல் இருந்ததற்கு என்ன பெயர்?

போன வெள்ளிக்கிழமை நானும் என் வீட்டம்மாவும் மாணவன் வீட்டுக்குப் போய்வந்தோம். ஒரு கட்டு அப்பளம் கொண்டு போனோம், வேறெதுவும் இல்லை. பெரிய பையனுக்குக் கணக்கில் பின்னம் வரவில்லை. வாரம் ஒரு நாள் சொல்லிக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். உள்ளே மருமகளோடு என் மனைவி என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அம்பாசமுத்திரம், வீரவநல்லூர், சேரன்மகாதேவி பக்கம் இருக்கிற ஓய்வுபெற்ற ஆசிரியர் நண்பர்களே, உங்கள் தெருவிலும் பட்டாளத்தார் வீடு ஒன்று இருக்கும். உங்களிடம் படித்தவன் வீடாகவே இருக்கலாம். தம்பதியாகப் போங்கள். என்ன சொல்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள்.