அந்த ஒரு வரியை எழுதினது யாருங்க?

பாம்பு கடிச்சு கேஷுவாலிட்டிக்கு வர்றவங்களோட வர்ற பசங்க, இப்பல்லாம் வர்ற வழியிலேயே போன்ல தமிழ்ல தேடிப் படிச்சிட்டு வர்றாங்க. "இறுக்கிக் கட்டக் கூடாதுன்னு போட்டிருந்துச்சு சார், அதான் கட்டலை." இதைக் கேட்டா எனக்கு அவ்வளவு நிம்மதி. பென்னாகரம், அரூர் மலையோர ஊர்கள்ல இருந்து வர்றவங்களுக்கு அந்த ஒரு வரி ஒரு காலையே காப்பாத்தும்.

தமிழ் விக்கிப்பீடியா மாதிரி இடத்துல அந்த வரியைச் சம்பளம் இல்லாம யாரோ எழுதியிருப்பாங்க. யாருன்னு என்னைக்காவது பார்த்திருக்கீங்களா? நானும் ரொம்ப நாள் பார்த்ததில்லை.

2003 கடைசியில் இருந்து தமிழ் விக்கிப்பீடியாவைக் கட்டி எழுப்பினவர் இ. மயூரநாதன். யாழ்ப்பாணத்துக்காரர், கட்டடக் கலைஞர். கனடா இலக்கியத் தோட்டம் அவருக்கு இயல் விருது அறிவிச்சது 2015-க்கு. பன்னிரண்டு வருஷம்! அவருக்காவது கிடைச்சுது.

"போட்டி வைக்கலாமே, பரிசு தரலாமே" என்பீர்கள். வைக்கிறாங்க. 2019-20-ல் இந்திய மொழிகளுக்கு நடந்த வேங்கைத் திட்டத்துல தமிழ்தான் முதலிடம். சந்தோஷம்தான். ஆனா இந்த மாதிரிப் போட்டிகள்ல புள்ளி, புதுசா எழுதுறதுக்கும் விரிவாக்குறதுக்கும்தான். "கடிவாயைக் கீறி ரத்தத்தை உறிஞ்சவும்"னு ஒருத்தர் எழுதி வெச்சதை, ராத்திரி உட்கார்ந்து இன்னொருத்தர் நீக்கினா? கட்டுரை நீளம் குறையும். புள்ளி பூஜ்யம். ஒரு டாக்டரா நான் சொல்றேன், அன்னிக்கு அந்தப் பக்கத்துல நடந்த பெரிய வேலை அதுதான்.

பிளாக்செயின் ஆட்கள் இதுக்கு டோக்கன் கொடுத்துப் பார்த்தாங்க. 2016-ல் வந்த ஸ்டீமிட்ல, பதிவுக்கு ஓட்டு விழுந்தா காசு. கொஞ்ச காலத்துல ஓட்டையே காசுக்கு விற்கிற பாட்டுகள் வந்தாச்சு. எதை எண்ணுறோமோ அதுதான் பெருகும். ஓ.பி. எண்ணிக்கையை வெச்சு டாக்டரை அளந்தா என்ன ஆகும்னு எங்களைக் கேளுங்க.

வார்டுலயும் இதே கதைதான். டிஸ்சார்ஜ் ஆகுறப்ப எல்லாரும் டாக்டருக்குத்தான் கும்பிடு போடுவாங்க. "சார், இந்தப் பேஷண்டுக்கு இந்த மருந்து அலர்ஜின்னு பழைய சீட்டுல இருக்கு"ன்னு ஊசி போடுறதுக்கு முன்னாடி நிறுத்தின சிஸ்டர் யாருன்னு பேஷண்டுக்கே தெரியாது. நடக்காம போன விபத்துக்குக் கணக்கு இல்லையே. தெரிஞ்ச நாங்கதான், நாலு பேர் முன்னாடி, இன்ன வேலை செஞ்சாங்கன்னு குறிப்பிட்டுச் சொல்லணும். பொத்தாம்பொதுவா "டீம் ஒர்க் சூப்பர்"னு சொல்றது அவங்களுக்குப் போய்ச் சேராது.

பிளாக்செயின்ல பெருமையாச் சொல்ற 'யார் என்ன செஞ்சாங்கன்னு பதிவு' விக்கியில எப்பவோ இருக்கு. ஒவ்வொரு பக்கத்துலயும் 'வரலாறு' இருக்கும். யார், எந்தத் தேதி, எந்த எழுத்தை மாத்தினாங்க, எல்லாம் இருக்கும். பதிவு இருந்து என்ன, அதை யாராவது திறந்து படிக்கணுமே. கணக்கு வெச்சிருக்கிறவங்களுக்கு ஒவ்வொரு திருத்தத்துக்குப் பக்கத்துலயும் 'நன்றி' சொல்ற வசதிகூட உண்டு. 2013-ல் இருந்து இருக்கு, நம்மில் எத்தனை பேர் தொட்டிருப்போம்?

இன்னிக்கு ராத்திரி ஏதாவது ஒரு கட்டுரையைத் தமிழ்ல படிச்சா, அந்த வரலாற்றைத் திறந்து பாருங்க. நீளத்தைக் கூட்டினவரை விட்டுடுங்க. தப்பை நீக்கினவர் பேர் ஒண்ணு இருக்கும், அவருக்கு ஒரு நன்றி தட்டுங்க. எனக்கு நைட் டியூட்டி, கிளம்புறேன்.