கரட்டு நிலத்தில் மரத்தைக் கேளுங்கள்

பென்னாகரத்தில் இருந்து ஒகேனக்கல் போகும் வழியில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாறை தெரியும் கரட்டில் ஆச்சா மரங்கள் நிமிர்ந்து நிற்கும். இடையிடையே உசிலை, வெக்காலி, வெள்வேல். அடியில் விராலியும் ஊசிப்புல்லும். யாரும் தண்ணீர் விடவில்லை, உரம் போடவில்லை.

இதை உதவாத காடு என்று சொல்லிப் பழகிவிட்டோம். அது தவறு என்பது என் கருத்து. மண் ஆழமில்லாத நிலத்தில் எது தாங்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

ஆச்சா கன்று முதல் சில ஆண்டுகள் உயரவே உயராது. அந்தக் காலத்தில் ஆணிவேரைப் பாறை வெடிப்புக்குள் இறக்கிக்கொள்கிறது. புல்லின் வேர் மேல் மண்ணைப் பிடித்து வைக்கிறது. உதிரும் இலை ஈரத்தைக் காக்கிறது. ஒன்று போனால் மற்றதும் தளரும்.

நாம் செய்வது என்ன? ஜேசிபி வைத்துக் கரட்டை நிரவி, மா வைக்கிறோம். அடுத்த பெருமழையில் மேல் மண் ஓடைக்குப் போகிறது, மிஞ்சுவது சரளை. பிறகு ஆழ்துளைக் கிணறு, கடன்.

நிரவும் முன் கடப்பாரையால் நாலைந்து இடத்தில் குத்திப் பாருங்கள். ஓரடிக்குள் பாறை தட்டினால் அந்தத் துண்டை உழ வேண்டாம். மண் ஆழமுள்ள பக்கத்தில் கேழ்வரகு, சாமை, கொள்ளு போடுங்கள்.

"வருமானம்?" என்பீர்கள். நியாயமான கேள்வி. ஆச்சா மரம் உங்கள் பேரனுக்குத்தான் பணம் தரும். ஆனால் புல் காய்ந்த கோடையில் ஆச்சா, உசிலைத் தழை ஆட்டுக்குத் தீவனம். உசிலை இலைதான் அரப்புத் தூள். தீவனம் வாங்கும் செலவு குறைவதும் வருமானமே.

ஆச்சா விதையை மழைக்காலத் தொடக்கத்தில் குழியில் நேரடியாக ஊன்றுங்கள். பையில் நெடுநாள் வைத்தால் ஆணிவேர் சுருண்டுவிடும். கன்று தழைக்கும் வரை ஆடு புகாமல் முள் அடையுங்கள். விதையைப் பட்டா நிலத்து மரத்தில் எடுங்கள். காப்புக்காட்டில் கை வைக்க வேண்டாம். மாவட்டத்தின் காவிரியோரக் காடுகளில் ஒரு பகுதி 2022 முதல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயத்தில் இருக்கிறது.

விரிவாக்கப் பணியாளர்களுக்கும் ஒரு வார்த்தை: கன்று கொடுக்கும் முன் மண்ணின் ஆழத்தைப் பாருங்கள். பட்டியலில் இருக்கிறது என்பதற்காகக் கரட்டில் மாங்கன்று வைத்தால், அது காயும்போது நட்டம் உழவருக்குத்தான்.