எங்கே வெட்டுவது?

ஒர்க்ஸ்டேஷன் விலையைக் குறைக்க வேண்டும் என்றால், நம் தொழிலில் பெரும்பாலோர் பாகப் பட்டியலை எடுத்து வரிக்கு வரி ஒரு படி இறக்குகிறோம். பிராசசர் ஒரு படி, ரேம் பாதி, கிராபிக்ஸ் கார்டு ஒரு படி; எஸ்.எம்.பி.எஸ். கேபினெட்டுக்குள் மறைந்திருப்பதால் இரண்டு படி. கொட்டேஷன் பார்க்க நன்றாக வரும், வேலை ஓடாது. கோட்டாற்றில் கல்யாண வீடியோ எடிட் செய்பவரோ கட்டட பிளான் வரைபவரோ முதல் இயந்திரம் வாங்க வரும்போது கையில் பணம் குறைவு. வேலையோ பெரிய ஸ்டூடியோவில் நடக்கும் அதே வேலை, அதே மென்பொருள். எல்லாப் பாகத்தையும் சமமாக இளைக்க வைத்த இயந்திரம் அவருக்கு உதவாது. பிறகு சேர்த்துக்கொள்ளக் கூடியதை இன்று தாராளமாக விட்டுவிடலாம், பிறகு மாற்ற முடியாததில் கை வைக்கக் கூடாது என்பதே நம் வாதம்.

இதற்குப் பழைய உதாரணம் ஒன்று. 1993-ல் சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனம் இண்டி என்ற ஒர்க்ஸ்டேஷனை 4,995 டாலர் ஆரம்ப விலையில் கொண்டுவந்தது. அதே ஆண்டு வெளியான ஜுராசிக் பார்க்கின் கணினி வரைகலை டைனோசர்கள் அந்த நிறுவனத்தின் பெரிய இயந்திரங்களில்தான் உயிர்பெற்றன. இண்டியில் முப்பரிமாண வடிவக் கணக்கைப் போடும் தனிச் சில்லை எடுத்துவிட்டு, அந்தச் சுமையைப் பிராசசரிடமே விட்டார்கள். இது துணிச்சலான, நியாயமான வெட்டு. வீடியோ உள்ளீட்டோடு ஒரு சிறு கேமராவையும் சேர்த்தே தந்தார்கள். ஆனால் அடிப்படை மாடலில் ரேம் 16 எம்.பி.தான், ஹார்ட் டிஸ்க் கிடையாது, இரண்டாம் நிலை கேஷும் கிடையாது. ஐரிக்ஸ் 5.1 இயங்குதளமே அந்த ரேமை விழுங்கிவிட்டது, மற்ற மென்பொருள்கள் ஸ்வாப்பில் கிடந்து தவித்தன. அந்த அக்டோபரில் நிறுவனப் பொறியாளர் டாம் டேவிஸ் எழுதிய உள்சுற்றறிக்கை இந்த வீக்கத்தையும் மந்தத்தையும் ஒளிவுமறைவின்றிப் பேசியது, வெளியிலும் கசிந்தது. பின்னர் அடிப்படை ரேம் 32 எம்.பி. ஆயிற்று. நின்டெண்டோ 64 விளையாட்டுகளை உருவாக்கவும் பின்னாளில் பயன்பட்டது இதே இண்டிதான். நல்ல வடிவமைப்பு, விளம்பர விலைக்காக வெட்டிய இடம்தான் பிழை.

அதற்கு மூன்றாண்டு முன்பே, 1990-ல், நெக்ஸ்ட் நிறுவனத்தின் நெக்ஸ்ட்ஸ்டேஷன் அதே 4,995 டாலருக்கு வந்தது. கனசதுரப் பெட்டியும் காந்த ஒளியியல் டிஸ்க்கும் போயின. பெரிய மாடலில் இருந்த 25 மெகாஹெர்ட்ஸ் 68040 பிராசசர் அப்படியே இருந்தது. 1993-ல் நெக்ஸ்ட் வன்பொருளையே கைவிட்டதே என்று கேட்கலாம். உண்மைதான். வாங்குவோர் போதாமல் கடை மூடியதற்கும், இண்டியை வாங்கியவர் மேசையில் இயந்திரம் தவித்ததற்கும் காரணங்கள் வேறு. நமக்கு இங்கே பாடம் இரண்டாவதில்தான்.

இன்றைய நம் மேசைக்கு வருவோம். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் ரைசன் 5 5600ஜி போட்டு ஆரம்பிப்பது நல்ல தொடக்கம். கார்டைப் பிறகு செருகிக்கொள்ளலாம். ஆனால் 5600ஜி-யின் உள் கிராபிக்ஸ் ரேமையே பங்குபோட்டுக்கொள்கிறது. டி.டி.ஆர்.4 3200 ரேம் ஒரு சேனலில் நொடிக்கு 25.6 ஜி.பி. தரும், இரண்டு சேனலில் 51.2. ஒரே 16 ஜி.பி. ரேமைச் செருகினால் பாதி வழி அடைபடும். இரண்டு 8 ஜி.பி. போட்டால் வழி திறக்கும். ஆனால் இரண்டே ஸ்லாட் உள்ள மலிவு போர்டில் நாளை 32 ஆக்க இரண்டையும் கழற்றி எறிய வேண்டும். இன்டெலின் எச்610 சிப்செட்டிலும் இரண்டு ஸ்லாட்டுக்கு மேல் வழியில்லை. நான்கு ஸ்லாட் போர்டுக்குக் கூடுதலாகக் கொடுப்பதுதான் இங்கே உண்மையான சிக்கனம். நான்கையும் நிரப்பினால் ரேம் வேகம் கொஞ்சம் இறங்கலாம் என்பார்கள். ரேம் போதாமல் எஸ்.எஸ்.டி.யைத் தேடி ஓடும் இழப்புக்கு முன் அது பொருட்டே அல்ல. சாக்கெட்டும் அப்படித்தான். 2017-ல் நான்கு கோர் ரைசன் 3 1200 போட்ட ஏ.எம்.4 போர்டுகள் பலவற்றில், பயாஸைப் புதுப்பித்துவிட்டு, 2022-ல் வந்த எட்டு கோர் 5800எக்ஸ்3டியை ஏற்ற முடிந்தது. அந்த போர்டில் மின்சாரம் சீராக்கும் பகுதியும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் திடமாக இருந்தவர்களுக்கே அது பயன்பட்டது.

இ.சி.சி. ரேம் இல்லாததை ஒர்க்ஸ்டேஷன் என்று சொல்லலாமா என்பது ஒரு மறுப்பு. இரவு முழுக்க ஓடும் கட்டமைப்புக் கணக்குக்கு அது வேண்டும். எடிட்டிங்குக்கு இன்றியமையாதது அல்ல. எல்லாம் கிளவுடுக்குப் போகிறது, உள்ளூரில் எதற்கு இயந்திரம் என்பது இன்னொன்று. நொடிக்கு 100 மெகாபிட் என்று பதிவாகும் 4கே காட்சி மணிக்கு 45 ஜி.பி. ஆகிறது. இரண்டு கேமரா, எட்டு மணி நேரக் கல்யாணம் என்றால் 720 ஜி.பி. 50 மெகாபிட் அப்லோடு தடையில்லாமல் கிடைத்தாலும் ஏற்றி முடிக்க 32 மணி நேரம். இரண்டு பருவமழையும் பெய்யும் கோட்டாறு வட்டாரத்தில் அத்தனை நேரம் கரண்டும் இணைப்பும் ஒருசேர நிற்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

வலுவான மறுப்பு மூன்றாவது: வாடிக்கையாளர் பார்ப்பது கடைசி வரித் தொகையைத்தான், நான்கு ஸ்லாட்டை யார் எண்ணுகிறார்கள்? எண்ணும்படி நாம் எழுதித் தருவதில்லை என்பதே பதில். காலியாக இருக்கும் ரேம் ஸ்லாட் எத்தனை, எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மிச்சம் எத்தனை வாட், இதே போர்டில் ஏறும் மிகப் பெரிய பிராசசர் எது என்று கொட்டேஷனில் மூன்று வரி சேர்க்கலாம். இன்று வாங்கியதில் எதையும் கழற்றாமல் அடுத்த கட்டத்துக்குப் போக ஆகும் தொகையையும், மலிவு போர்டில் அதே கட்டத்துக்கு ஆகும் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் கொடுத்தால், வாங்குபவர் தாமாகவே கணக்குப் பார்த்துக்கொள்வார்.